ஜுமாதி வீட்டு மாடியிலுள்ள வயர்லெஸ் பெட்டிகளை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ருபியாத்தி, க/பெ. பார்ஜன் (காலஞ்சென்றவர்),
வரிங்லோர் சிற்றூர், மெராபி மலையடி.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: ஊர்த்தலைவர் ஜுமாதி, வெள்ள எச்சரிக்கைக் கேமராவின் இணைப்பைத் தம் காப்பிக் கடைக்குத் திருப்பியதும் என் கணவர் இறந்ததும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உச்சியில் மழை பெய்தால், எங்கள் ஆறு காய்ந்து கிடக்கும்போதே சேற்று வெள்ளம் இறங்கிவிடும். அதனால் மூன்று கிலோமீட்டர் மேலே கேமரா வைத்தோம். நடுவில் குன்று மறைப்பதால், ஜுமாதி அவர்களின் மாடியில் அக்சஸ் பாயிண்ட் எனும் வயர்லெஸ் பெட்டிகள் இரண்டை வைத்தோம். ஒன்று கேமராவைப் பார்க்கும், மற்றது காவல் சாவடியைப் பார்க்கும். பாலம் போலப் படத்தைக் கடத்தும். அதில் எவருடைய கைபேசியும் ஏறக்கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தபோது அவரும்தான் கை தூக்கினார்.

2. சாவடியில் திரையைப் பார்த்து, வெள்ளம் தெரிந்தால் கெந்தோங்கான் கட்டையைத் தட்டுவது என் வேலை. சத்தம் கேட்டால் மணல் அள்ளுவோர் கரையேறுவார்கள்.

3. கடை திறந்த தலைவர், யாரிடமும் சொல்லாமல் அதே பெட்டிகள் வழியாக வாடிக்கையாளர்களுக்கு இணையம் விட்டார். 'இலவச வைஃபை' என்று பலகையும் மாட்டினார். வேலியே பயிரை மேய்ந்தது. நவம்பர் 24 ஞாயிறன்று, மலை பார்க்க வந்த மோட்டார் சைக்கிள் கூட்டம் அங்கே உட்கார்ந்து சினிமா பார்த்தது. காலை 9.12 மணிக்கு, பாரம் தாங்காமல் எங்கள் படம் நின்றுவிட்டது. திரை அணைந்திருந்தால் பயந்திருப்போம். அது காய்ந்த ஆற்றைக் காட்டியபடியே நின்றது. பத்து மணிக்கு வெள்ளம் வந்தது. ஆற்றில் மணல் அள்ளியவர்களில் பதின்மூன்று பேர் தப்பினார்கள். என் கணவர் தப்பவில்லை.

4. ஏழாம் நாள் துஆவுக்கு வந்த தலைவர், என் வீட்டுச் சோற்றைத் தின்று கை கழுவுமுன் சொன்னது: "ஏம்மா ருபி, படத்து மூலையில மணி ஓடுமே, அதப் பாக்கலையா நீ? என் வைஃபைய எதுக்குக் குத்தம் சொல்ற?" பலகை இன்றும் தொங்குகிறது. பதின்மூன்று பேரும் இன்றும் ஆற்றில் இறங்குகிறார்கள்.

5. பெட்டிகளை அவர் மாடியிலிருந்து இறக்க உத்தரவிடுங்கள். உயரம் வேண்டுமென்றால் என் முற்றத்தில் மூங்கில் கம்பம் நட்டுக்கொள்ளலாம். அவரைப் பதவியிலிருந்தும் இறக்குங்கள்.

6. அவர் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். மணியைப் பார்க்கவில்லை, ஐயா, ஆற்றைத்தான் பார்த்தேன். ஒன்பதரைக்குச் சாவடி வாசலில் நின்று, ஆறு எப்படி என்று கேட்ட கணவரிடம், "காஞ்சுதாங்க கெடக்கு, போய்ட்டு வாங்க" என்று சொன்னது நான்தான். வழக்குப் பதிவதானால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஜுமாதியின் பெயருக்குக் கீழே எழுதுங்கள்.

இடம்: வரிங்லோர்
நாள்: 11.12.2019

உத்தரவை எதிர்பார்த்து,
ருபியாத்தி