தூங்குமூஞ்சி மரத் தெரு

14 ஜூன் 1981

மெட்ராஸுக்குக் குடி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். மேலே கிளைகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. வெயில் தரைக்கு வரும்போது பொடிப்பொடியாகத்தான் வருகிறது. எங்கள் ரெட்டிபாளையத்தில் முருங்கைக்கீரையைத் தட்டி உதறிவிட்டுத்தான் உருவ வேண்டும், அவ்வளவு சிமெண்டு ஆலைத் தூசி. இங்கே வாசல் மரத்து இலை ஒன்றைப் பறித்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அழகான தெருதான், யார் இல்லையென்றார்கள்? மனுஷ வாடைதான் இல்லை.

19 ஜூன்

தூக்கமே வரமாட்டேன் என்கிறது. ஊரில் ஆலை உறுமிக்கொண்டே இருக்கும், ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு பிடிக்கும். அதற்கு நடுவே அடித்துப் போட்ட மாதிரி தூங்கியவள் நான். இங்கே சாயங்காலமானால் மரங்கள் இலையை மடக்கிக்கொண்டு தூங்கப் போய்விடுகின்றன. அதைப் பார்த்துத் தெருவும் தூங்கிவிடுகிறது. நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறேன்.

இன்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியேவிட்டேன். "இந்தத் தெருவுல நாம செத்துக் கெடந்தாக்கூட என்னா ஏதுன்னு கேக்க ஒரு ஆள் வராதுங்க."

ஆபீஸில் எல்லாரும் மதிக்கும் இந்த நல்லதம்பி சார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சாவுறதுக்கா வந்தோம்?" என்றார். வந்ததே எனக்குக் கோபம்!

22 ஜூன்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், அரியலூர் டெலிபோன் ஆபீஸில் ஓர் இடம் காலியாகிறதாம். கேட்டால் கொடுத்துவிடுவார்களாம். "நீ சொல்லு செங்கமலம், போயிடலாம்" என்றார். மெட்ராஸ் ஆபீஸுக்கு வருவதற்கு இந்த மனுஷன் எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியாதா? போக இஷ்டமில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனாலும் என் வாயில் விட்டுவிட்டார். வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

2 ஜூலை

ஐயோ. எழுதவே கூசுகிறது.

காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தால் எதிர் வீட்டு வாசல் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் தெளிக்கவில்லை, கோலமும் இல்லை. நாள் தவறாமல் சிக்குக் கோலம் கிடக்கும் வாசல். வெயில் ஏறியும் அப்படியேதான். எங்கள் பக்கம் வாசல் இப்படிக் கிடந்தால் அந்த வீட்டில் கேதம், சாவு விழுந்துவிட்டது, வேறென்ன? அங்கே ஒரு பெரியவரும் அந்த அம்மாவும்தான். பெரியவரையும் சில நாளாகக் காணோம். ஒரு ஜனம் எட்டிப் பார்க்கவில்லையே, என்ன ஊர்டா சாமி இது!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அந்த அம்மா கதவைத் திறந்து பேசாமல் நின்றார். "வாங்க" என்று சொல்லவில்லை. கேத வூட்டுல யாரையும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்கல்ல — அப்பறம் எனக்கு என்ன சந்தேகம்? அப்படியே கட்டிப் பிடிச்சிக்கிட்டு, "ஒங்கள இப்படித் தனியா வுட்டுட்டுப் போயிட்டாரேம்மா"ன்னு ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த அம்மா விறைத்துப்போய் நின்றார். "யாரும்மா நீ? யாரு போயிட்டா?"

பெரியவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். கோலம் போடும் வேலைக்காரி மலர்கொடிக்குக் காய்ச்சலாம். அவ்வளவுதான் விஷயம்!

போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன். கேத வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள். அதையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்தேனே பாவி! கடவுளே, அந்தப் பெரியவர் நல்லா இருக்கணும்.

3 ஜூலை

ஊருக்கே போயிடலாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். ஆடியில் வீடு மாற்றக் கூடாது, ஆவணியில் போகலாம், ஆகஸ்ட் பிறந்ததும் ஆபீஸில் சொல்லிவிடுகிறேன் என்றார். அப்புறம் வெகுநேரம் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

8 ஜூலை

கேட் சத்தம். எதிர் வீட்டு அம்மா! சமையல்கட்டில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே அந்தப் பெரியவர்.

"பாத்துக்கோம்மா, முழுசா கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் அந்த அம்மா. பெயர் குணசுந்தரியாம்.

பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்காக அழுத மகராசி நீதானா? இவ அழுவாளான்னே எனக்கு டவுட்டு."

கோலம் இல்லாத கதை, வாங்க சொல்லாத கதை, போயிட்டு வரேன் சொல்லாத கதை, எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னேன். குணசுந்தரி அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பை நீவிக்கொண்டே, "இருபது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். என் வாசலை ஒருத்தி பாத்துட்டிருப்பான்னு நான் நெனச்சதே இல்ல" என்றார்.

காபி கொடுத்தேன்.

17 ஜூலை

குணசுந்தரி அம்மா இன்று தானே கோலம் போட்டார். சரியான கோணல். எப்படி இருக்கு என்று அங்கிருந்தே கையால் கேட்டார். பிரமாதம் என்று புளுகினேன்.

26 ஜூலை

மத்தியானம் மழை. மழை விட்ட பிறகும் மரம் தனியாகப் பெய்துகொண்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கப் பச்சை வெளிச்சம், தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி. யாரோ ஒருவர் குடையை மடக்க மறந்து அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போனார். சோறு வடிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

இந்தத் தெரு எனக்குப் பிடிக்கிறதா என்ன? பிடிச்சா மட்டும்? நாந்தானே போகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

கேட்டைப் போட்டு உடைக்கிறார்கள். கண் விழித்தால் சுவரெல்லாம் வெயில். எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மெட்ராஸ் வந்த பிறகு இப்படித் தூங்கியதே இல்லை. கனவுகூட இல்லாத தூக்கம்.

கதவைத் திறந்தால் குணசுந்தரி அம்மா, தலையைக்கூட முடியாமல். பின்னால் பனியனோடு பெரியவர். அவருக்குப் பின்னால் கையில் விளக்குமாற்றோடு மலர்கொடி.

"வாசல் காஞ்சு கெடக்கேடி! என்னடி ஆச்சு?"

என்னை 'டி' போட்டு அழைத்தது அதுதான் முதல் முறை. தூக்கக் கலக்கத்தில் பேச்சே வரவில்லை. மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஏண்டி வாங்கன்னு சொல்ல மாட்டேங்கறே? நல்லதம்பி எங்கே?"

அந்த நேரம் பார்த்து இவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு கொட்டாவியோடு வந்து நின்றார்.

"தூங்கிட்டேம்மா! வாங்க, வாங்க, வாங்க" என்றேன்.

குணசுந்தரி அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடக் குனிந்த என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதற்குப் பிறகு அழுதார். நானும் அழுதேன். மலர்கொடி யாரும் சொல்லாமலே எங்கள் வாசலைத் தெளித்துவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டிலிருந்து திரும்பி, "போயிட்டு வரேன்" என்றார். தெரு நடுவிலிருந்து இன்னொரு தரம், சத்தமாக, "போயிட்டு வரேண்டி!"

3 ஆகஸ்ட்

ஷூவை மாட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கேட்டார். "அப்ப இன்னிக்கு ஆபீஸ்ல அரியலூர்னு சொல்லிடவா?"

"வரும்போது கோலமாவு வாங்கியாங்க. எதிர் வூட்டுக்கும் சேத்து, நெறயா" என்றேன்.