தலை மேலே, வால் கீழே

மார்ச் 4, திங்கள்

ஏழாம் எண் காற்றாலைக்கு எண்ணெய் மாற்றினோம். காற்று அதிகம். கூட வேலை செய்யும் கிம்மின் வாய் அதைவிட அதிகம்.

என் நாய் ருஸ்ட் சனிக்கிழமை கடல் அணையில் முயலைத் துரத்திக்கொண்டு குதித்தான். அன்றிலிருந்து இடது பின்னங்காலை ஊன்றுவதே இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டேன். ஆகவில்லை. ஒன்பது வயது, முப்பத்தெட்டு கிலோ, துருப்பிடித்த இரும்பின் நிறம். எங்கள் டேனிஷ் மொழியில் அவன் பெயருக்கே துரு என்றுதான் அர்த்தம்.

பழைய டாக்டர் ஸ்வென் போன வருடம் கிளினிக்கை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. எல்லாம் செயலிதான். நாயின் உருவம் ஒன்று வரும், வலிக்கும் இடத்தைத் தொட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில், எண்பது மீட்டர் உயரத்தில், ஒரு கையில் கம்பு ரொட்டி, பல்லால் கையுறையைக் கழற்றித் தொட்டேன். நாற்பது நொடி. புதன் காலை 8.40-க்கு நேரம் கிடைத்தது.

"பொண்ணு பாக்குற ஆப்பாடா?" என்றான் கிம்.

"நாய்க்கு டாக்டர்."

"ரெண்டும் ஒண்ணுதான். எதுலயும் உனக்குப் பதில் வராது."

வந்துவிட்டதே. காட்டினேன்.

மார்ச் 6, புதன்

தற்காலிக டாக்டர். கோபன்ஹேகனிலிருந்து ஒரு மாதத்துக்கு வந்தவராம். முட்டியை இரண்டு தடவை மடக்கிப் பார்த்தார், ருஸ்ட் முனகினான், முடிந்தது.

"ஜவ்வு அறுந்துபோச்சு. ஆபரேஷன்தான் வழி. திங்கட்கிழமை. நான் இருக்க மாட்டேன், வேற டாக்டர் பண்ணுவாங்க."

கையில் இருந்த திரையில் எதையும் எழுதவில்லை. பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தினார்.

"குறிச்சுக்க வேணாமா?"

"எல்லாத்தையும் நீங்களே குறிச்சிட்டீங்களே."

ஒன்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 11, திங்கள்

கட்டு வலது காலில் இருக்கிறது.

வலது.

கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன். காலை ஏழரைக்கு வாசலிலேயே ஒரு பெண் கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப் போனாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை. நாலு மணிக்குப் போனேன். ருஸ்ட் தள்ளுவண்டியில் கிடந்தான். நாக்கு ஓரமாகத் தொங்கியது.

"நல்லபடியா முடிஞ்சுது," என்றாள் அதே பெண்.

"இது வலது கால்."

"ஆமா, வலதுதான்."

"அடிபட்டது இடதுல."

திரையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். மறுபடியும் திரையைத்தான் பார்த்தாள். "இதுல வலதுன்னுதான் இருக்கு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

கையில் கொடுத்த தாளை வண்டியில் வைத்துப் படித்தேன். வலது முட்டி திறக்கப்பட்டது. ஜவ்வு சேதமின்றி உள்ளது. மூடப்பட்டது. மூன்றே வாக்கியம். திறந்து பார்த்திருக்கிறார்கள், நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், தைத்து அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்க என் தொலைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. ஒருத்தருக்குக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லையா?

மார்ச் 12, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. ருஸ்ட்டுக்கு இப்போது பின்னால் இரண்டு காலும் இல்லாத மாதிரி. முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே சமையலறை வரைக்கும் வந்தான், தண்ணீருக்கு. வழியெல்லாம் ஈரம். அவன் வீட்டுக்குள் சிறுநீர் போனதே கிடையாது. துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 13, புதன்

தலைமை மருத்துவர் ஆன்னெகிரெதவைப் பார்த்தேன். கிழித்துத் தொங்கவிடத்தான் போனேன். அவர் காப்பி ஊற்றினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க அனுப்பினது. நாலாம் தேதி, பன்னிரண்டு பதினாலு."

நாயின் உருவம், வெறும் கறுப்பு நிழல். தலை மேலே, வால் கீழே. இடக்கைப் பக்கப் பின்னங்காலில் ஒரு சிவப்புப் புள்ளி. என் விரல்.

"இடதுலதானே தொட்டிருக்கேன்?"

"படம் வயித்துப் பக்கத்துல இருந்து பாக்குறது, ட்ரோல்ஸ். மேசையில மல்லாக்கப் படுத்திருக்கிற மாதிரி. நாங்க அப்படித்தான் பாப்போம். நீங்க தொட்டது வலது."

நான் மேலிருந்து பார்ப்பதாக நினைத்திருக்கிறேன். நாயை வேறு எப்படிப் பார்ப்பான் ஒரு மனிதன்? தினமும் மேலே நின்று அதன் முதுகைத்தானே பார்க்கிறோம்.

"அப்படின்னு படத்துல எங்க எழுதியிருக்கு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"சரி. கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது காலை மடக்கிப் பார்த்தாங்களா?"

காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

மார்ச் 14, வியாழன்

எந்தத் திசையிலிருந்து பார்ப்பது என்று குறிக்காத வரைபடம் எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகாது. போனால் வரைந்தவனுக்கும் திட்டு, கேட்காமல் வேலை செய்தவனுக்கும் திட்டு. போன வருடம் ஒரு பயிற்சிக்காரனை இதற்காகவே அழும் அளவுக்குத் திட்டினேன். இந்தத் தடவை கேட்காமல் வேலை செய்தவன் நான்.

கிம்மிடம் சொன்னேன். ஏதாவது கிண்டல் பண்ணுவான் என்று பார்த்தேன். பண்ணவில்லை. அது இன்னும் மோசம்.

மார்ச் 16, சனி

வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, தோட்டத்துக்குக் கொண்டு போகிறேன். நாளைக்கு ஆறு தடவை. ஈரல் பசை தடவிய ரொட்டியைக்கூட மோந்துவிட்டு வைத்துவிட்டான். வலது முட்டி சூடாக இருக்கிறது. தையல் ஓரம் கசிகிறது.

மார்ச் 18, திங்கள்

காய்ச்சல். முட்டிக்குள் சீழ். நன்றாக இருந்த முட்டிக்குள்.

ஆன்னெகிரெத தொட்டுப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். "ஒன்பது வயசு. ஒரு கால்ல ஜவ்வு இல்ல, இன்னொண்ணுல கிருமி. அவனைக் கஷ்டப்படுத்தணுமான்னு யோசிங்க, ட்ரோல்ஸ். அமைதியா அனுப்பி வெச்சிடலாம். இன்னைக்கு மூணு மணிக்கு இடம் இருக்கு."

மூன்று மணிக்கு இடம் இருக்கிறதாம்.

முடி வெட்டிக்கொள்ளவா வந்தேன்? இரண்டு வாரத்துக்கு முன்னால் முயல் துரத்தின நாய். இவங்களே அறுத்து, இவங்களே கெடுத்து, இவங்களே நேரமும் கொடுக்கறாங்க. அதையெல்லாம் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துச் சீட்டை அந்தப் பெண் ஓடி வந்து கார் சன்னல் வழியாகக் கொடுத்தாள்.

புகாரை எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆபரேஷன் செய்தவர் பெயர் தாளில் இருக்கிறது. லெர்கெ ஹோல்கோர். அவரைச் சும்மா விடுவதாக இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

தெரியாத எண்.

"நான் லெர்கெ. ருஸ்ட்டுக்கு ஆபரேஷன் பண்ணினவ. இது என் சொந்த போன். கிளினிக்குக்குத் தெரியாது."

வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"திறந்ததும் தெரிஞ்சுபோச்சு," என்றார். "ஜவ்வு முத்து மாதிரி இருந்துச்சு. உடனே உங்களுக்குப் போன் பண்ணணும்னு சொன்னேன். மேலிடத்துல பேசிக்குவாங்க, நீ தைச்சிட்டு அடுத்ததைப் பாருன்னாங்க. அடுத்தது மேசையில மயக்கத்துல இருந்துச்சு. தைச்சேன். பண்ணியிருக்கக் கூடாது."

"ஆரம்பத்துலயே காலைத் தொட்டுப் பாத்திருக்கணும்."

"ஆமா."

"ஏன் பாக்கல?"

"நான் வரும்போதே மயக்கம் குடுத்து, வலது காலை மழிச்சு வெச்சிருந்தாங்க. திரையிலயும் வலது. நம்பிட்டேன்." ஒரு மாதிரி மூச்சு விட்டார். "காரணம் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்."

அப்புறம், காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அது பத்தாது. முட்டியைக் கழுவியாகணும். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். ஓல்போர் ஆஸ்பத்திரியில என்கூடப் படிச்சவ இருக்கா, மதியம் உங்களுக்காகக் காத்திருப்பா. போறீங்களா?"

"அவனை முடிச்சிடலாம்னு சொன்னாங்க."

"தெரியும். அதனாலதான் போன் பண்ணினேன்."

போனேன். நூற்று இருபது கிலோமீட்டர். கிம் வண்டி ஓட்டினான், நான் பின்னால் ருஸ்ட்டோடு படுத்திருந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. ரொட்டி சாப்பிட்டான். தட்டையும் சாப்பிடப் பார்த்தான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வெள்ளிக்கிழமையிலிருந்து லெர்கெ வேலை முடிந்து சைக்கிளில் வருகிறார், கட்டு மாற்ற. நான் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருக்கலாம். மேசையில் கிடந்த புகாரைப் பார்த்துவிட்டார்.

"படிக்கலாமா?"

படித்தார். முதல் பத்தியில் என் சிவப்புப் புள்ளியை எழுதியிருக்கிறேன். அதை எழுத மூன்று நாளானது. இரண்டாவது, முட்டியை மடக்கிவிட்டு எதையும் குறிக்காத தற்காலிக டாக்டர். மூன்றாவது, மூன்று மணி.

"என் பேரு எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க போன் பண்ணலைன்னா இவன் இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல முட்டியை அறுத்தது நான். அது வேற ஆளா?" கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நீங்க எழுதலைன்னா நானே எழுதி அனுப்புவேன். அப்ப ரெண்டு கடிதம் போகும். உங்களோடது பொய்யா இருக்கும்."

நான்தான் இந்த ஊரிலேயே முகத்துக்கு நேராகப் பேசுகிறவன் என்று நினைத்திருந்தேன்.

பெயரைச் சேர்த்தேன். அவர் எதிரிலேயே அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் கட்டை மாற்றினார். ருஸ்ட் அவர் காதை நக்கினான்.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுந்து நின்றான். மூன்று நொடி. வலது கால் தாங்குகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

லெர்கெ வேலையை விட்டுவிட்டார். லெம்விக்கில் இரண்டே டாக்டர்கள் உள்ள ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருக்கிறார், பெரும்பாலும் மாடுகள். "மாடு ஆப்ல வராது," என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கிளினிக்கிலிருந்து ஒரு தானியங்கிச் செய்தி: ருஸ்ட்டின் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை?



மே 8, புதன்

இடது முட்டி ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட முடியாது. ஓல்போர்க்காரியே நன்றாகச் செய்வாள் என்று லெர்கெ சொன்னார். "என்கிட்ட வர வேண்டிய அவசியம் இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்."

கிம்மிடம் கேட்டேன். "ஒருதடவை கோட்டைவிட்ட மெக்கானிக்கிட்டயே வண்டியைக் குடுப்பியா நீ?"

"மறைச்சானா, சொன்னானா?"

"சொன்னா."

"அப்புறம் என்னைய எதுக்குடா கேக்குற?"

புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை.

மே 14, செவ்வாய்

லெம்விக். காலை எட்டு மணி. கூடத்தில் சாண வாடை. தாளில் விவரம் எழுத வேண்டும் என்றார்கள். எந்தக் கால் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. தெரியும். ஆனாலும் எழுத முடியவில்லை.

லெர்கெ தாளை வாங்கி ஓரமாக வைத்தார். "நீங்க எதுவும் சொல்லக் கூடாது. காட்டவும் கூடாது. வெளிய போய் நில்லுங்க."

முற்றத்தில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அறையில் ருஸ்ட்டை மூன்று தடவை முன்னும் பின்னும் நடக்கவிட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாக மடக்கிப் பார்த்தார். முன்னங்கால்களைக்கூட விடவில்லை. அவசரமே இல்லை. மழை தூறியது, எனக்கும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்தார். "இடது. நீங்க?"

"இடது."

"சரி. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடியே முடியை எடுத்திடலாம், முழிச்சிருக்கட்டும். நீங்க பிடிச்சுக்கங்க."

தரையில் உட்கார்ந்து ருஸ்ட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது காலை இரண்டு கையாலும் பிடித்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. என் கை நடுங்கியதில் காலும் ஆடியது. லெர்கெ மெஷினை நிறுத்திவிட்டு, நடுக்கம் நிற்கிற வரைக்கும் காத்திருந்தார்.