ஜிகினா கோட்டு

பிப்ரவரி 9, ஞாயிறு

மியூசியத்தில் பழைய சினிமா உடைகளின் கண்காட்சி. அந்தக் காலத்து குரூப் டான்சர்களையும் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரரும் அவருடைய தோஸ்துகளும் ஆடினார்கள். ஜிகினா கோட்டில் அவரைப் பார்த்ததும், ஷூட்டிங் வேனில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்த அந்த இளைஞன் ஞாபகம் வந்தான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கை எழும்பாது. எல்லாரும் இரண்டு கையையும் தூக்கும் இடம் வந்தபோது அவர் என்ன செய்வாரோ என்று பார்த்தேன். ஆனால் வரிசை முழுக்க வலது கைகள் மட்டுமே மேலே போயின. யார் சொல்லி வைத்ததோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "ஸ்டெப்ப மாத்திட்டானுங்களா இன்னா?"

"மறந்துட்டியா? அப்பவும் ஒத்தக் கைதான்யா தூக்குவீங்க."

 என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நீயும் அவனுங்க செட்டுதான்."