மேலாளர் வாங்கிய பைப்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

எங்கள் மேலாளர் ஏலத்தில் புகைபிடிக்கிற பழைய பைப் ஒன்று வாங்கியிருக்கிறார். குரங்கு கையில் பூமாலைதான். மூட்டை கட்டுவதுபோல் புகையிலையைத் திணிக்கிறார். இரண்டு இழுப்பில் அணைந்துவிடுகிறது. நேற்று டையையே பொசுக்கிக்கொண்டார்.

"இந்தக் கலவை இப்ப எங்கயும் கிடைக்காது. உனக்கெல்லாம் இது புரியாதுப்பா" என்று சொல்லி டப்பாவைத் திறந்தார். நீங்கள் பிடித்த அதே புகையிலை. கடைகளில் வருவது நின்றுபோன பிறகு நானே மறந்திருந்த வாசனை.

அந்த அற்ப மனிதரைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் நேற்று சாயங்காலம் முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஆபீஸ் போகும் பஸ் வந்துவிட்டது. டப்பா தீரும்வரை அவருடைய மட்டமான ஜோக்குகளுக்குச் சிரித்துத் தொலைக்க வேண்டும்.

உங்கள் மகன்