ரவிக்கையின் வலது கை

நேற்று கடையின் மேல்தட்டிலிருந்து உன் துணிப்பையை இறக்கினேன். முடிச்சை அவிழ்த்ததுமே மண்ணெண்ணெய் வாடை. கொடி வரைந்து ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்து, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பாயே, அந்த வாடைதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆளே போய்ச் சேர்ந்துவிட்டாள், இது மட்டும் எதற்கு இன்னும் இருக்கிறது என்று.

உள்ளே உன் மகள் செல்வியின் நிச்சயதார்த்த ரவிக்கைத் துணி. கரிசல் மண் நிறத்தில் சொரசொரப்பான காடா. அதன்மேல் இடது கை முழுக்க வெள்ளி நூலில் கொடியும் மொட்டும், கண்ணை உறுத்தாத நுணுக்க வேலை. வலது கை வெறுந்துணி. கொடிக்கான கோடுகூட அதில் இல்லை. ஆனால் அதை வைத்து, நீ முடித்துவிட்டாயா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒரு கையை முடித்த பிறகுதான் நீ மறு கைக்குப் பொடி தேய்ப்பாய்.

முரட்டுத் துணியில் நைசான நூல், ஒரு பக்கம் நிறைய, மறு பக்கம் ஒன்றுமில்லை. உனக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடிக் கடையில் எதிரெதிரே பூத்தையல் சட்டம் போட்டு உட்கார்ந்து இதற்காக எத்தனை சண்டை. "ஒனக்கு எல்லாம் தராசுத்தட்டு மாதிரி நிக்கணும்ட்டி" என்று கேலி செய்வாய். நாகலாபுரத்திலிருந்து வந்த வாடிக்கைக்கார அம்மா ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கைக்கு வேல செஞ்சிருக்கியே, மத்த கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீ ஊசியை நிறுத்தாமலே, "ரெண்டு கையும் நெறஞ்சு கெடந்தா பாக்குறவ எதம்மா பாப்பா?" என்றாய். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப்போனவள், பொங்கலுக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

உன் வாய் முரடு, தையல் பூப்போல. நான் மெதுவாகப் பேசுகிறவள், ஆனால் நான் நூலை இழுத்தால் துணி சுருங்கும். யார் போட்ட பூ என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அளவு பார்க்க ஒட்டுத்தையல் போட்டு, செல்விக்குப் போட்டோ அனுப்பினேன். இன்று காலையில் அவளே வந்து நின்றாள்.

"சித்தி, மாப்பிள்ள வீட்டு அத்த போட்டோவப் பாத்துட்டு, ஒரு கை மொட்டையா இருக்குங்காவ. அம்மா இப்படித்தான் முடிச்சிருந்தா நான் பேசிக்கிடுதேன். முடிக்காமப் போயிருந்தா நீங்க செஞ்சு குடுங்க. எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"மொதல்ல போட்டுப் பாரு" என்றேன். போட்டுக்கொண்டு சேலையைச் சுற்றினாள். முந்தானையை இடது தோளில் எடுத்துவிட்டாள். உன் கொடி முழுக்க அதற்குள் போய்விட்டது.

துணியாகக் கிடந்தபோது எனக்கு உறைக்கவில்லை. நாம் எப்போதும் இடது கையைத்தானே முதலில் சட்டத்தில் மாட்டுவோம்? முந்தானை மூடுகிற பக்கம். புது டிசைன் நம் விரலுக்குப் படிகிற வரைக்கும் விழுகிற கோணலெல்லாம் அங்கே ஒளிந்துகொள்ளும். ஒரு கைக்கு மட்டும் வேலை என்றால் நீ வலது கைக்குத்தான் செய்வாய், நாகலாபுரத்து அம்மாவுக்குச் செய்த மாதிரி. "முந்தானைக்குள்ள ஒளிச்சு வைக்கவா கண்ண அவிச்சிக்கிடுதோம்?" என்பாய். வலது கையையும் செய்வதாகத்தான் இருந்திருக்கிறாய். தலை வலிக்கிறது என்று ஒரு மத்தியானம் சட்டத்தைவிட்டு எழுந்து போன நீ, திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது அம்மா முடிச்சதுதாம்ட்டி. அவ எப்பவும் இப்படித்தான செய்வா" என்றேன்.

அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. படி இறங்கும்போதே போனை எடுத்து, "எங்கம்மா கடைசியா போட்ட டிசைன் அத்த, அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். அசல் உன் குரல்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதுவரை யோசிக்கிறேன். அம்மா இதைப் பாதியில் விட்டுப் போனாள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றா, உன் கொடிக்கு எதிரே என் சுருங்கிய பூ உட்காரக் கூடாது என்றா? நீ இருந்தால் ஒரே அதட்டலில் சொல்லிவிடுவாய். எனக்குத் தெரியவில்லை.

நிச்சயத்தன்று அவள் வலது கையை நீட்டித்தான் பூவும் குங்குமமும் வாங்குவாள். சபையே பார்க்கும். பிடித்தவர்கள் உன்னை மெச்சுவார்கள், பிடிக்காதவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த ரவிக்கைக் கையில் நீ இன்னும் கை வைக்கவே இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.