நீச்சல் மாஸ்டர் குளிக்க மறுத்த காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே மீட்டிங் என்று ஓடிவிடுவாய், இதுவோ பாதியில் விடுகிற சமாச்சாரம் இல்லை. பரீட்சை முடிந்துவிட்டது, முடிவும் வந்துவிட்டது! கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வரிசையாகப் படி, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நம் ஒப்பந்தம் உனக்கு மறந்திருக்காது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாத பணியாளர் யாரும் எங்கள் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைத் தொட்டுத் தூக்கக் கூடாது, ஒன்று சலவை அறைக்குப் போக வேண்டும் அல்லது வீட்டுக்குப் போக வேண்டும் என்று புது விதி வந்தபோது நீ என்ன சொன்னாய்? "அறுபத்தோரு வயசுல எதுக்குப்பா பரீட்சை, பெயிலானா பேசாம ரெண்டு பேரும் வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கிட்ட வந்துடுங்க" என்றாய். முதல் தடவை நான் கோட்டை விட்டபோது உன் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததே, அதையும் கவனித்தேன். இரண்டாம் தடவையும் தவறினால் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், கொடுத்த நாளிலிருந்து பாடப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்கவில்லை. உன் வீடு பிடிக்காமல் இல்லை அம்மாடி. வேலைக்கு லாயக்கில்லாதவன் என்ற பெயரோடு வந்து உன் சோபாவில் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

எட்டு சனிக்கிழமை, சாப்பாட்டு அறையில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்பு நடந்தது. பாடம் நடத்திய நர்ஸுக்கு வயது உன் வயது, கண்டிப்பு உன் அம்மாவின் கண்டிப்பு. கதவைத் தட்டிப் பதில் வந்த பிறகே உள்ளே போக வேண்டும், படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அழைப்பு மணி அவர் கைக்கு எட்ட வேண்டும், எல்லாம் சரிதான், தலையை ஆட்டினேன். ஒரு விதி மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மருந்தோ குளியலோ, ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாதாம். காரணம் கேட்க வேண்டும், சற்று நேரம் விட்டு வேறு விதமாக மறுபடி கேட்க வேண்டும், அப்போதும் வேண்டாம் என்றால் நேரத்தையும் அவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே தாளில் எழுத வேண்டும். எனக்குச் சிரிப்பாக வந்தது. இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனிடம் போய் இதைச் சொன்னால்? இங்கேயும் என்னைக் கண்டக்டர் என்றுதானே கூப்பிடுகிறார்கள், ஒன்பது மணிக்குள் எட்டுப் பேரைக் குளிப்பாட்டி, தலை வாரி, வரிசையாக உட்கார வைத்து ரைட் கொடுத்துவிடுவேன், மேலாளரே மெச்சுவார். வீட்டில் ஒத்திகைக்கு உன் அம்மா கட்டிலில் நோயாளியாகப் படுத்தாள். தண்ணீர் வேண்டாம், போர்வை வேண்டாம், நீங்களே வேண்டாம் என்றாள். வேண்டாம் சொல்ல அவளுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா என்ன, ஒரு நோட்டுப் புத்தகமே தீர்ந்துபோனது.

எழுத்துத் தேர்வில் தப்பித்துவிட்டேன், புதன்கிழமை காலை செய்முறைத் தேர்வு. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர், கையில் அட்டையும் தாளும், சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆளுக்கு அரை மணி நேரம், ஒருவரைக் குளிப்பாட்டி உடை மாற்றி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு முன்னால் போன சமையலறை அக்கா பன்னிரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு வெளியே வந்தாள். எனக்கு வாய்த்தவர் ஏழாம் அறை நீச்சல் மாஸ்டர். ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் கற்றுக்கொடுத்தவர், சரி, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டி, வாப்பா என்ற பிறகு உள்ளே போய், வெந்நீர் பதமாக இருக்கிறது மாஸ்டர், குளிக்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மற்ற நாளாக இருந்தால் "அட வாங்க மாஸ்டர்" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருப்பேன், கை தன்னால் நீண்டும்விட்டது. தேர்வாளரின் பேனா அசைந்ததைப் பார்த்தேன், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்று கேட்டேன். ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புதன்கிழமைதான் என் பையன் கூடத்துப் போனுக்குக் கூப்பிடுவான். குளிக்கிற நேரம் மணி அடிச்சா யாராவது எடுத்து, குளிக்கிறார்னு சொல்லி வெச்சுடறாங்க. ஏழு மாசமா அவன்கிட்ட நான் பேசலை" என்றார். ஏழு மாதமாகப் புதன்கிழமை எட்டரை மணிக்கு அவரைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனது யார்? நான்தான். ஏன் மாஸ்டர் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "நீ எங்கேப்பா கேட்டே, ரைட் ரைட்டுன்னு இழுத்துட்டுப் போயிடுவே" என்றார், கோபமாகக்கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரை நாற்காலியோடு கூடத்துப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். இருபது நிமிடம் கழித்து, முகமும் கையும் மட்டுமாவது இங்கேயே துடைத்துவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன், அதுவும் வேண்டாம், போன் வரட்டும் என்றார். நேரத்தைப் போட்டு, அவர் வார்த்தையை ஒன்று விடாமல் எழுதினேன். அரை மணி முடிந்தது. குளிக்காத மாஸ்டர், நனையாத துண்டு, நான் செய்து காட்ட ஒன்றுமே இல்லை. மனசுக்குள் உன் வீட்டுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

தேர்வாளர் தாளை இரண்டு தடவை படித்தார், அட்டையில் செருகிக்கொண்டு போய்விட்டார். எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது பார், மாஸ்டர் போட்ட ஹலோவில் சமையலறையில் பாத்திரம் உருண்டது என்கிறார்கள். பேசி முடித்துவிட்டு, கண்டக்டரே, இப்போ தண்ணி ஊத்து என்று அவரே கேட்டார். வெள்ளிக்கிழமை சுவரில் முடிவு ஒட்டினார்கள். தேறிவிட்டேன்! செய்முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! ஏழு பேரில் நான்தான் முதல்! அதை எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நாலாவது தடவை போய்யா என்றாள். பாவம், சமையலறை அக்காவுக்குத்தான் போய்விட்டது, குளிருதும்மா குளிருதும்மா என்று அவளுக்கு வாய்த்த பெரியம்மா மூன்று தடவை சொன்னதைக் காதில் வாங்காமல் குளிப்பாட்டிவிட்டாளாம். அடுத்த மாதம் மறுபடி தேர்வு, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆகவே மகளே, உன் அழைப்பை நான் மறுக்கிறேன். ஒரு தாளில் எழுதிக்கொள்: ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி, காரணம் அவர் வார்த்தையிலேயே, "எனக்கு இங்க இன்னும் வேலை இருக்கும்மா." அம்மாவுக்காக நான் மறுக்க விதியில் இடமில்லை, அவளைத் தனியாகக் கேட்டேன், "உங்கப்பா இல்லாம நான் அங்க வந்து யார்கிட்ட சண்டை போடறது" என்றாள், அதையும் எழுதிக்கொள். குட்டி சாப்பிட மாட்டேன் என்றால் வாயில் திணிக்காதே, ஏன் என்று கேள். மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு எழுந்து நடக்கச் சொல். மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். மறுத்தவரை அப்படியே விட்டுவிடுவது விதிப்படி தப்பு. சில நாள் கழித்து, வேறு விதமாக, மறுபடியும் கூப்பிட வேண்டும். நான் வேண்டாம் என்பேன்தான், நீ கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
முழு நினைவோடு மறுக்கும்
உன் அப்பா