உதைக்கு முன் ஒரு வணக்கம்

என்னங்க,

கோபம் அடங்கட்டும் என்று கராத்தேயில் சேர்த்ததிலிருந்து நம் பெண் கத்துவதே இல்லை. ஆனால் சின்னவனின் காலில் மட்டும் புதுப்புது வீக்கம். காரணம் புரியாமல் தவித்தேன்.

இன்று அவளையே கேட்டேன். "நான் கோபமே படலம்மா. குனிஞ்சு வணங்கினேன், தம்பியும் வணங்கினான், உதைச்சேன். ரெண்டு பேரும் வணங்கினாத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு."

என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள்: எதிராளியின் சம்மதம் இல்லாமல் உதையே கிடையாது. நேற்று அவள் வணங்கியதும் நீங்களும் சிரித்துக்கொண்டே குனிந்தீர்களாம். பிறகு நொண்டியபடி வந்து, "கராத்தே எல்லாம் உன் யோசனை" என்று என்மேல் பாய்ந்தீர்கள்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

பி.கு.: நாலு மணிக்கு வந்துவிடுவாள். அவள் குனிந்தால் நீங்களும் சின்னவனும் பதிலுக்குக் குனியாமல் நேராக நில்லுங்கள். உதை வராது.